ஜெயபாய் டீச்சரின் ஈறு

ஜெயபாய் டீச்சர் பல் விளக்கினால் தெருவுக்கே தெரியும். குழாயடியில் இடக்கையை இடுப்பில் ஊன்றி நின்று, அடிபிடித்த பால் சட்டியைத் தேய்க்கிற வேகத்தில் தேய்ப்பார். எதிர்வீட்டு மளிகைக்கடை முத்துக்கனி அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கடையைத் திறப்பார். ‘ஹார்ட்’ என்று அட்டையில் போட்ட முரட்டு பிரஷ், டீச்சர் ஒருவருக்காகவே அந்தக் கடையில் தொங்கியது. தெரியாமல் வேறு யாராவது கேட்டுவிட்டால், “அது ஒமக்கு வேண்டாம்வே. கோவம் இருக்கவுங்க வாங்குத பிரஷ்ஷு அது” என்று மெத்தென்ற ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

டீச்சருக்குப் பல்லோடு தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. பகையெல்லாம் நிலக்கரியோடுதான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கரியில் ஒரு பங்கு, தெருக்கோடியில் வேலி போட்ட தனியார் யார்டு ஒன்றில் மலையாகக் குவிந்து கிடந்தது. மலையை மூடத் தார்ப்பாய் உண்டு. அதிகாரி யாராவது வருகிற அன்று அது விரிந்து கிடக்கும், மற்ற நாட்களில் ஓரமாகச் சுருண்டு தூங்கும். கடல்காற்று எழும்பினால் போதும், கரி கூப்பிடாமலே தெருவுக்குள் வந்துவிடும். துவைத்த வேட்டியில், மேல்தொட்டித் தண்ணீரில், பிள்ளைகளின் மூக்கில். தெருவில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. அது சாம்பல் நிறமாகி வெகுநாளான பிறகும் எல்லாரும் அதை வெள்ளையன் என்றே கூப்பிட்டார்கள். அந்த அளவுக்குப் பொறுமைசாலிகள்.

டீச்சர் அந்த ரகம் இல்லை. காலையில் எழுந்ததும் வராந்தா தரையில் விரலை ஒரு இழுப்பு இழுப்பார். கருத்த விரலை எதிரில் வருகிறவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். பால்காரர், கேபிள்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர், ஜெயித்த பிறகு வழிதவறி வந்தவர், எல்லாரும் அந்த விரலைத் தரிசித்திருக்கிறார்கள். பிறகு தரையைத் தேய்ப்பார், ஜன்னல் கம்பியைத் தேய்ப்பார், அந்தச் சூடு ஆறுவதற்குள் பல்லுக்கு வருவார். தூங்கும்போது வாய்வழியே மூச்சு விட்டதில் பல்லிடுக்கெல்லாம் கரி இறங்கியிருக்கும் என்பது அவர் முடிவு.

கோபம் அவருக்கு நடுவில் வந்த வியாதியும் அல்ல. சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்து நாசரேத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்த காலத்தில், சாம்பார்க் கிண்ணத்தைத் தாளாளர் அறைக்கே தூக்கிக்கொண்டு போய், “இதுல பருப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா” என்று கேட்ட பிள்ளை அது. உமிக்கரியால் பல் விளக்கிய காலம். அன்றைக்குக் கரி பல்லைச் சுத்தப்படுத்தியது. கணக்கு டீச்சராகி, கல்யாணமாகி, தூத்துக்குடிக்கு வந்த பிறகு ஒரு தடவை சர்ச் அசனப் பண்டிகையில், ஏழை பணக்காரர் எல்லாரும் ஒரே பந்தி என்று மைக்கில் சொல்லிவிட்டு, கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி மேசை போட்டிருந்தார்கள். டீச்சர் நேரே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்கும் முட்டி வலி உண்டு, எல போடுங்க” என்றார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாருக்கும் தரைதான்.

அவர் கணவர் சுந்தர்சிங் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது நடந்தாலும் “விடு ஜெயா” என்பார். அவர்கள் இங்கே வீடு கட்டும்போது எதிரே வெள்ளை வெளேரென்று உப்பளம்தான் இருந்தது. காற்றில் உப்பு வருமே என்று பயந்து ஜன்னலையெல்லாம் சின்னதாக வைத்தார் சுந்தர்சிங். உப்பு வரவில்லை.

ஒரு நாள் குளிர்ந்த தண்ணீர் குடித்த டீச்சர் டம்ளரை நங்கென்று வைத்தார். கீழ் முன்பல் இரண்டிலும் சுரீரென்று ஒரு வலி. சுந்தர்சிங் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஏளா ஜெயா, ஒனக்கு இந்த ரெண்டு பல்லும் வளந்துக்கிட்டே போவுதோ?”

“ஆமா, இந்த வயசுல பல்லு மொளைக்கி. தொட்டில் கட்டுங்க.”

பாளையங்கோட்டை ரோட்டில் பல் மருத்துவமனை வைத்திருந்தவர் டாக்டர் பத்மஜா. ஸ்ரீவைகுண்டத்துப் பெண், ஈறு வைத்தியத்துக்கென்றே மேல்படிப்புப் படித்தவர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பல் வளரலை டீச்சர். ஈறு இறங்கிடுத்து. வேர் வெளியில தெரியறது, அதான் கூசறது. என்ன பிரஷ் வெச்சிருக்கேள்?”

டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டாக்டர் அதன் நாரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “இதால தரையைத் தேய்க்கலாமே!”

“தரைக்கு வேற வச்சிருக்கேன். இதவிட அது மெத்துனு இருக்கும்.”

“சிரிக்கற விஷயமில்லை. வருஷக்கணக்கா இப்படி அழுத்தித் தேய்ச்சதுலதான் ஈறு தேஞ்சு போயிருக்கு.”

நாற்காலியில் மல்லாந்து கிடந்த டீச்சர் விசுக்கென்று நிமிர்ந்தார். “அப்பம் கரியக் கொண்டாந்து கொட்டுதவன் மேல தப்பில்ல. அதத் தேச்சுக் கழுவுன என் மேலதான் தப்பு. அப்பிடித்தான டாக்டரம்மா?”

“கரி உங்க ஈறை ஒண்ணும் பண்ணலை டீச்சர். தேய்ச்சதுதான் பண்ணித்து.”

இதைவிடக் கொடுமையான ஒரு தீர்ப்பை டீச்சருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஊரைக் கருப்பாக்குகிறவன் கம்பெனி நடத்துகிறான். துடைக்கிறவளுக்கு ஈறில் தையல் போட வேண்டுமாம். ஆனால் விட்டால் வேர் இன்னும் வெளியே வந்து பல் ஆடத் தொடங்கும், அப்புறம் தைப்பதற்கு ஈறே மிச்சமிருக்காது என்றார் டாக்டர். மேல் அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்துக் கீழே ஈறு போன இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் பல் பிழைத்தது. ஐந்தாம் வகுப்பு பெஞ்சைத் தூக்கி ஆறாம் வகுப்பில் போடுகிற வேலை என்று டீச்சருக்குப் புரிந்தது. சம்மதித்தார்.

மரப்பு ஊசி போட்டு, எடுத்து, வைத்து, தைத்து முடித்த பிறகு டாக்டர் பத்மஜா கட்டளைகளைச் சொன்னார். தையல் பிரிக்கிற வரை அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. சூடு ஆகாது, கடிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசவே கூடாது. “எல்லாத்துக்கும் மேல, உதட்டை இழுத்துப் பார்க்கப்படாது. யாருக்கும் காட்டவும் படாது. இழுத்தா, ஒட்டினது பிடுங்கிண்டு வந்துடும்.”

சுந்தர்சிங் முகத்தில் என்ன ஓடியது என்று சொல்ல முடியாது. துக்கம் என்றுதான் அவர் பிற்பாடு சொன்னார்.

மறுநாளே தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. யார்டை இரண்டு மடங்காக விரிவாக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம், பொதுமக்கள் திரளாக வந்து ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். சட்டப்படி முன்பே பேப்பரில் போட்டாகிவிட்டதாம். எந்தப் பேப்பர், எந்த மூலை என்று கேட்டதற்கு ஆட்டோ பதில் சொல்லாமல் திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் என்றால் தையல் பிரிப்பதற்கு முன்பு. டீச்சர் வாயைத் திறக்க முடியாத வாரமாகப் பார்த்து யார்டுக்காரர்கள் தேதி வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று தெருவில் விவாதம் நடந்தது. டீச்சரின் வாயில் தையல் இருக்கும் செய்தி திருச்செந்தூர் வரை போயிருந்தபோது, யார்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா என்ன?

டீச்சருக்கு உடம்பெல்லாம் கோபம், வெளியே விட வழியில்லை. அப்போதுதான் டீப்பாய்க் கண்ணாடி மேல் படிந்திருந்த கரி கண்ணில் பட்டது. விரலால் எழுதினார்: ‘கஞ்சி சூடு.’ சுந்தர்சிங் ஓடிப்போய் ஆற்றிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கைக்கு யார்டே தினம் ஒரு புதுப் பலகை அனுப்பிக்கொண்டிருந்தது.

பிறகு நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கை ஒடிந்தால் கட்டைப் பார்க்கலாம், வயிற்றில் ஆபரேஷன் என்றால் சேலையை விலக்கித் தழும்பைப் பார்க்கலாம். இது என்ன, வாய்க்குள்ளே வைத்துக்கொண்டு காட்ட மாட்டேன் என்கிறாள்? வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்தபடியே, “எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார்கள். காட்டினால்தான் பாட்டில் கைமாறும் என்பது போல. டீச்சருக்குத் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

சுந்தர்சிங்கின் அக்கா கிரேசி நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். தம்பி பெண்டாட்டியின் வாய்க்குள் இருப்பதைத் தான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்ற உரிமையோடு வந்தார். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார்.

“சரிளா, காட்டாண்டாம். ஒரு சின்ன ஜெபமாவது பண்ணிட்டுப் போறேன். அதுக்கும் ஒன் டாக்டர் தடை போட்டிருக்காளோ?”

ஜெபத்துக்கு யார் தடை சொல்ல முடியும்? எல்லாரும் கண்ணை மூடினார்கள். கிரேசி, நோய்ப்பட்ட இடத்தில் கையை வைத்து ஜெபிப்பது வழக்கம் என்பதால், டீச்சரின் மோவாயில் கையை வைத்தார். ஆண்டவரே, இந்த மகளின் ஈறை நினைத்தருளும் என்று குரல் உருகிக்கொண்டே போனது. ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள் என்று நம்பியதுதான் டீச்சர் செய்த தப்பு. கிரேசி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆமென் வருவதற்குள் அவருடைய கட்டைவிரல் கீழுதட்டைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தது.

“ஐயையோ, வெள்ளையா கெடக்கே! அழுகிட்டுலா!”

டீச்சர் வாயில் ரத்தம் கரித்தது.  டீப்பாயின் மேல் ஒரே வார்த்தை எழுதினார்: ‘பஸ்.’

சுந்தர்சிங் அதைப் படித்தார். முதல் தடவையாக ‘விடு’ சொல்லவில்லை. “அக்கா, நாசரேத் பஸ்ஸு வந்துரும்.”

“மணி பதினொண்ணுதாம்ல ஆவுது!”

“அடுத்தது பிந்தும்க்கா. கெளம்பு.”

டாக்டர் பத்மஜா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “வெள்ளையாத்தான் இருக்கும், நாளானா சிவக்கும். அதுக்குள்ள யார் இழுக்கச் சொன்னா? இடது ஓரத்துல பேந்துடுத்து. அந்தப் பல்லுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். அடுத்ததாவது நிக்கணும்னா இனிமே உதடு அசையப்படாது. கூட்டம், மைக்குன்னெல்லாம் காதுல விழறது. அப்படிக் கத்தினேள்னா ரெண்டும் போச்சு.”

மூன்றாம் நாள் டிக்சன் வந்தான். டீச்சரிடம் படித்தவன், வகுத்தல் கணக்கில் மீதியை எழுதாமல் விட்டுவிடுகிற பையன். இப்போது யார்டின் மக்கள் தொடர்பு அதிகாரி. வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். சுந்தர்சிங் வழக்கம்போல நாற்காலியைத் துடைக்கத் துண்டை எடுத்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டிக்சனைப் பார்த்து நாற்காலியை அன்போடு காட்டினார்.

“ஒடம்பப் பாத்துக்கோங்க டீச்சர். பேசவே கூடாதாமே. கூட்டத்துக்கெல்லாம் அலையாதீங்க, வீட்லயே ரெஸ்ட் எடுங்க. ஒங்க சார்பா நான் இருக்கேம்லா?”

கடிக்க முடியாதவளுக்கு ஆப்பிள், பேச முடியாதவளுக்கு ஆறுதல். டீச்சர் டீப்பாய்க் கண்ணாடியில் எழுதினார்: ‘மீதி எங்கலே?’ டிக்சன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான், பழைய கணக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான். எழுந்து போகும்போது அவன் பின்பக்கத்தில் நாற்காலியின் கம்பிகள் அத்தனையும் கருப்பாகப் பதிந்திருந்தன. அப்படியே அவன் கலெக்டர் ஆபீசுக்குப் போனதாகக் கேள்வி.

கூட்டத்தன்று கல்யாண மண்டபத்தில் ஏசி ஓடியது, வந்தவர்களுக்குப் பாதாம் பால். டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் டிக்சன் வேலைவாய்ப்பு பற்றியும், நடப்போகும் மரக்கன்றுகள் பற்றியும் பேசினான். கரி என்ற சொல்லே இல்லாமல் கரி யார்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது லேசான வேலை அல்ல. இந்தக் கணக்கிலும் அவன் மீதியை எழுதவில்லை. அவன் முடித்ததும் அதிகாரி, “ஆட்சேபம் சொல்றவங்க சொல்லலாம்” என்றார்.

 பாதாம் பால் உறிஞ்சும் சத்தம்கூட நின்றுவிட்டது. அத்தனை தலைகளும் டீச்சரை நோக்கித் திரும்பின.

பின்னாலிருந்து முத்துக்கனி அண்ணாச்சி காதருகே குனிந்தார். “டீச்சர், ரெண்டே வார்த்த. உதட்ட அசைக்காம சொல்லிருங்க.”

பக்கத்தில் இருந்த தோசைமாவு இசக்கித்தாயும், “அதான, ஒங்களத்தான நம்பி வந்தோம்” என்றாள்.

டீச்சருக்கு அப்போது வந்த கோபம் கரியின் மேல் வந்ததல்ல. இத்தனை வருஷமும் தெரு முழுவதும் தன் வாயைக் கழற்றி டீச்சர் வாயில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறது. அவர் விரலை நீட்டினார், இவர்கள் தலையை ஆட்டினார்கள். இப்போது அவர் பல்லும் போனால் என்ன, இவர்களுக்கு இரண்டு வார்த்தை வேண்டும். அவர் எழுந்து போய் மைக்கைக் கையில் வாங்கினார். டிக்சன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாதியில் நின்றது. முன்வரிசை ‘அப்பாடா’ என்றது. டீச்சர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டு போகவில்லை. திரும்பி நடந்து வந்து முத்துக்கனி அண்ணாச்சியின் மோவாய்க்கு நேரே நீட்டினார்.

“எனக்கு என்ன... நான் ஒண்ணும்...”

டீச்சர் நகரவில்லை. விடை தெரிந்தும் சொல்லாத கடைசி பெஞ்சுக்காரன் பக்கத்தில் போய், மணி அடித்தாலும் போகமாட்டேன் என்று நிற்கிற நிலை அது. அண்ணாச்சிக்கு வேர்த்தது.

“கடையில சீனியெல்லாம் நெறம் மாறிருது” என்றார். “நாட்டுச் சர்க்கரன்னு சொல்லி வித்துட்டு இருக்கேன்.”

மண்டபம் சிரித்தது. டீச்சர் சிரித்துவிடாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டார், கோபத்தைவிட அதுதான் பெரிய பாடாக இருந்தது. மைக் இசக்கித்தாயிடம் போனது.

“மாவு ஆட்டி வச்சா எள்ளு தூவுன மாதிரி கெடக்கு. எள்ளுத் தோசையான்னு கேட்டு வாங்கிட்டுப் போறானுவ” என்று அவளும் சிரித்தபடியேதான் தொடங்கினாள். பிறகு நிறுத்தினாள். “எம் பேத்திக்கு மூக்குல மாஸ்க்க வச்சு மருந்துப் பொக குடுக்காம ஒறக்கமில்ல சார். அவளுக்கு ஒண்ணர வயசு. இதச் சொல்லதுக்கு எனக்கு இத்தன நாளு ஒரு டீச்சர் வேண்டியிருந்துருக்கு பாருங்க. சீ!”

யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் டீச்சர் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கினார்கள். தண்ணீர்த் தொட்டி, வேட்டி, இருமல், வெள்ளையன். கடைசியில் அது சுந்தர்சிங்கிடம் வந்தது. அவர் எழுந்தார், வேட்டியைச் சரி செய்தார், அதிகாரியைப் பார்த்தார்.

“அந்தத் தார்ப்பாய தெனமும் விரிச்சாத்தான் என்ன?”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்திலேயே சத்தமாகக் கைதட்டியவர் அவர்தான் என்று மட்டும் சொல்கிறார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு மேலிடத்தை நோக்கிக் கிளம்பினார். விரிவாக்கம் நின்றதா, நடக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தையல் பிரிக்கிற அன்று டாக்டர் பத்மஜா வெகுநேரம் பார்த்தார். “வலது பல் நன்னாப் பிடிச்சுண்டுடுத்து. அழகா ரோஸ் கலர்ல இருக்கு. இடது பாதிதான். கொஞ்ச நாள் பார்த்துட்டு அதை மறுபடி தைக்கலாம். இப்போ நீங்க பேசலாம் டீச்சர்.”

சுந்தர்சிங் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் தேங்கிக் கிடந்தது முதலில் யார் தலையில் விழப்போகிறதோ? டீச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“அந்தப் பாதிக்கு நாசரேத்துக்கு ஒரு போன் போடணும்.”

அன்று மாலை கடையில் மெத்தென்ற பிரஷ் ஒன்றை வாங்கினார். முத்துக்கனி அண்ணாச்சி தொங்கிக்கொண்டிருந்த பழைய அட்டையைக் காட்டி, “அப்பம் இந்த ஹார்டு பிரஷ்ஷ நான் என்ன செய்யட்டும் டீச்சர்?” என்றார்.

“டிக்சனுக்குக் குடுத்து விடுங்க. பேன்ட்டு தேய்க்க ஆவும்.”

மறுநாள் காலை டீச்சர் வராந்தாவில் விரலை இழுத்துப் பார்த்தார். கருப்பு. குழாயடியில் நின்று, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, குழந்தை கன்னத்தைத் தடவுவது போலப் பல் விளக்கினார். ஒரு சத்தமும் எழவில்லை. எதிரே அண்ணாச்சி கடை பூட்டியே கிடந்தது. மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

டீச்சர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு யார்டு வாசலுக்கு நடந்தார். அங்கே இசக்கித்தாய் கரி படிந்த மாவுச் சட்டியோடு முன்னமே நின்றிருந்தாள். தார்ப்பாய் ஓரமாகச் சுருண்டு கிடந்தது.

“ஏலே டிக்சா! தார்ப்பாய விரிக்கியா, நான் உள்ள வந்து விரிக்கவா?”

அந்தச் சத்தத்தில்தான் முத்துக்கனி அண்ணாச்சி எழுந்து கடையைத் திறந்தார்.